பேரன், பேத்தி, ஒரு காரவன்

(புணேக் கிளையின் குடும்ப தினத்தன்று நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சிறு குழந்தைகளோடு குடும்ப வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்து, இருபத்தைந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமிகளில் பாதிப் பேர் என்னைவிட அதிகம் குழந்தைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. நான் டாக்டரும் இல்லை. ஒரு ரயில்வே எஞ்சினியரின் மனைவி. இப்போது இந்த ஊரில் பிள்ளை, மாட்டுப்பெண்ணோடு இருந்துகொண்டு, அவர்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பேத்தியையும் பேரனையும் பார்த்துக்கொள்கிறேன். பேத்திக்கு ஆறு வயது. பேரனுக்கு மூன்று முடிந்துவிட்டது. எங்கள் ஆத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பத்திரிகை போகும் ஊர்களில், பம்பாயோ, பிலாயோ, புவனேசுவரமோ, நம்மவர் வீடுகளில் இதே மாதிரி எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

குழந்தை எப்போது எதைச் செய்யும் என்பதற்கு நம்மிடம் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் மாத வாக்கில் செங்கீரை, ஒன்பதாம் மாத வாக்கில் சப்பாணி, ஒரு வயதை ஒட்டி வருகை. தலையைத் தூக்கி ஆடுவதும், கை கொட்டுவதும், தளர்நடை போட்டு வருவதும் புலவர்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. எங்கள் ஆத்தில் அதற்குச் சமையலறைக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, தவழ்ந்தால் தவலடை, பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை. பக்கத்து ஆத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டு வினியோகம். மாத நாட்காட்டியில் டிக் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். குழந்தை எப்போது தவழ்ந்ததோ அப்போதுதான் தவலடை. தேதி பார்த்துச் செய்வதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2006-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஐந்து நாட்டுக் குழந்தைகள் எண்ணூற்றுச் சொச்சம் பேரை மாதாமாதம் பார்த்திருக்கிறார்கள். அதில் நம் தெற்கு தில்லிக் குழந்தைகளும் உண்டு. தானாக நடப்பது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிடிமானம் இல்லாமல் உட்காருவது நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள். நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. எங்கள் பேத்தி அந்த நாலில் ஒருத்தி. உட்கார்ந்தபடியே நகர்ந்தாள், ஒருநாள் எழுந்து நின்றாள், நடந்துவிட்டாள். தவலடை பாக்கி இருக்கிறது என்று இப்போதும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

நடைவண்டி பற்றி ஒரு வார்த்தை. நம் மரத்து நடைவண்டியைக் குழந்தை பின்னால் நின்று தள்ளும். தன் பாரத்தைத் தானே தாங்கும். கடையில் விற்கும் சக்கர வாக்கர் அப்படியல்ல. குழந்தையை உள்ளே உட்கார வைத்துவிடுகிறது. நடை சீக்கிரம் வர அது உதவுவதில்லை, படியில் உருண்ட குழந்தைகள்தான் அதிகம். கனடாவில் 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். ஆயுஷ்ய ஹோமத்துக்குப் பரிசாகத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் தயவுசெய்து வெள்ளிக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, நடையில் எங்களுக்குக் கவலை இருக்கவில்லை. கவலை பேச்சில் வந்தது.

பேரன் ஒன்றே கால் வயதில் நன்றாக நடந்தான். சிரிப்பான், விரலை நீட்டிக் காட்டுவான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். ஆனால் ஒன்றரை வயதிலும் வாயில் வார்த்தை இல்லை. என் மாட்டுப்பெண் கவலைப்பட ஆரம்பித்தாள். சம்பந்தி மாமி சேலத்திலிருந்து ஃபோனில், "ஆம்பளைப் பசங்க லேட்டாத்தான் பேசுவா. இவன் தாத்தா நாலு வயசுலதான் வாயைத் திறந்தார், அப்புறம் மூடவே இல்லை" என்றார். மாமாவும் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். இன்னொரு உறவினர் நேராகவே சொன்னார்: "அம்மா நாள் முழுக்க ஆபீஸ்ல இருந்தா குழந்தை யார்கிட்டப் பேசும்?" அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஒன்றைக் கவனித்தேன். குக்கர் விசிலுக்குத் திரும்புவான். கதவு படீரென்றால் திரும்புவான். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் மாட்டான். எல்லோரும், "குக்கர் விசில் கேக்கறதே, காது நன்னா இருக்கு" என்றார்கள். "குக்கர் விசில் தெருவுக்கே கேக்கும், என் பேச்சு கேக்கறதான்னுதான் பார்க்கணும்" என்றேன். பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் பிறந்தபோது சரியாக இருந்த காது அப்புறமும் சரியாக இருக்கும் என்று அந்தக் காகிதத்தில் எழுதவில்லையே.

முதலில் போன ஒரு ஆலோசகர் காதைப் பார்க்கவே இல்லை. வீட்டில் என்னென்ன பாஷை என்று கேட்டார். தமிழ், வேலைக்கு வரும் மாவ்ஷியோடு மராத்தி, கீழே விளையாடும் இடத்தில் ஹிந்தி, க்ரெஷில் இங்கிலீஷ் என்றோம். "குழந்தை குழம்பிவிட்டது. இன்றிலிருந்து இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்றார். ஐந்து நிமிஷத்தில் ஒரு குடும்பத்தின் தாய்மொழியை நிறுத்தச் சொல்லிவிட்டார். என் பிள்ளை கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டான். வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் தமிழ் இப்படித்தான் போகிறது. அக்கறையோடு, டாக்டர் சொன்னார் என்ற பெயரில், ஒரு நாளில் போய்விடும். அப்புறம் அந்தக் குழந்தை சேலத்துப் பாட்டியோடு எந்தப் பாஷையில் பேசும்?

நான் விடவில்லை. முதலில் காது, அப்புறம் பாஷை என்றேன். வேறொரு இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த பேச்சுப் பயிற்சி நிபுணர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். இரண்டு மூன்று பாஷை கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்கிறார்கள் என்றாள். எந்தப் பாஷையில் உங்களுக்கு இயல்பாகக் கொஞ்ச வருகிறதோ, திட்ட வருகிறதோ, கதை சொல்ல வருகிறதோ அதிலேயே பேசுங்கள் என்றாள். வார்த்தை எண்ணும்போது எல்லாப் பாஷை வார்த்தையையும் சேர்த்து எண்ண வேண்டும். தமிழில் பத்து, மராத்தியில் பத்து என்றால் அந்தக் குழந்தைக்கு இருபது வார்த்தை தெரியும். ஒவ்வொரு பாஷையிலும் தனித்தனியாக எண்ணிவிட்டு எல்லாவற்றிலும் குறைவு என்று அழக்கூடாது.

அவள் சொன்ன எல்லைக் கோடுகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, கையால் சுட்டிக் காட்டுவதோ இல்லாவிட்டால், பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டால், இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொந்தமாகச் சொல்லாவிட்டால் காட்ட வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். காட்டுவது என்றால் வியாதி என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் வரும்.

எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. டிம்பனோமெட்ரி என்று ஒரு சோதனை; காதில் சின்ன அடைப்பானை வைத்துச் சில விநாடியில் முடித்துவிடுகிறார்கள். வலி இல்லை. இன்னொன்று, குழந்தை தூங்கும்போது தலையில் ஒட்டி எடுக்கும் பெரா. இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் க்ரெஷ் குழந்தைகளிடம் இது சகஜமாம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மற்றவர் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், அதுதான் அவன் உலகம். சத்தம் தெரியும், சொல் தெரியாது. அதுவும் நாளுக்கு நாள் கூடும், குறையும். சில நாள் திரும்பினான், சில நாள் திரும்பவில்லை என்று சொன்னேனே, அதற்குக் காரணம் அதுதான்.

உடனே ஆபரேஷன் என்று சொல்லவில்லை. இந்த நீர் பல குழந்தைகளுக்குத் தானே வற்றிவிடும் என்பதால் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த மூன்று மாதமும் பேசுவதென்றால் முகத்துக்கு நேரே, கிட்டே, டிவியை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னார்கள். எங்கள் ஆத்து டிவி அன்றைக்கு அணைந்ததுதான். நான் அவனை மடியில் எதிர்முகமாக உட்கார்த்தி வைத்துக்கொண்டு, கை வீசுவதும், சாய்ந்தாடுவதும், உள்ளங்கையில் பருப்பு கடைவதுமாக இருந்தேன். நம் பழைய விளையாட்டுகளில் எல்லாமே முகத்துக்கு முகம், ஒரே சொல் திரும்பத் திரும்ப, கூடவே கை. அந்தப் பெண் பார்த்துவிட்டு, "நான் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பதும் இதுதான் பாட்டி" என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் நீர் வற்றவில்லை. 2024 நவம்பரில் செவிப்பறையில் க்ரோமெட் என்ற மிகச் சின்னக் குழாயை வைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது; சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தக் குழாய் பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் தானே உதிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, நான் தாளிக்கக் கடுகு போட்டேன். கடுகு வெடித்ததும் அவன் நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தான். அவ்வளவு நாளும் அந்தச் சத்தம் அவனுக்கு இருந்ததே இல்லை. என் மாட்டுப்பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் ஆத்தில் வேலை செய்பவர்களுக்காகவாவது இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ல் மத்திய அரசு ஆரம்பித்த ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில், பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சோதித்து, வளர்ச்சியில் தாமதம் இருந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். செலவு இல்லை. மாவ்ஷியின் பேத்தியை அப்படித்தான் அனுப்பி வைத்தோம். காதுக்கும் பேச்சுக்கும் என்றே மைசூரில் 1965-லிருந்து ஒரு அகில இந்திய நிறுவனமும், பம்பாயில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இருக்கின்றன.

இனி காரவன் கதை. தலைப்பில் அதுவும் இருக்கிறதே என்று சிலர் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்குக் காரவன் புதுசு இல்லை. தண்டவாளத்தில் ஓடும் காரவனில் குடித்தனம் செய்தவள் நான். என் ஆத்துக்காரர் புசாவல் பக்கம் வேலையில் இருந்தபோது, லைன் பார்க்கப் போக இன்ஸ்பெக்‌ஷன் கேரேஜ் கொடுப்பார்கள். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் ஒரே பெட்டியில். ரயிலின் வாலில் கோத்துவிடுவார்கள்; ராத்திரி ஏதோ ஒரு ஸ்டேஷனில் கழற்றி ஓரமாக விட்டுவிடுவார்கள். என் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது கண்ட்வா ஸ்டேஷனில் நின்ற அந்தப் பெட்டிக்குள்தான். அந்தப் பிள்ளைதான், குழந்தைக்கு ஆபரேஷன் ஆகி எல்லோரும் களைத்துப்போயிருந்தபோது, "அம்மா, ஒரு காரவன் எடுத்துண்டு கொங்கணக் கரைக்குப் போயிட்டு வரலாமா?" என்றான்.

நம் நாட்டில் இது சமீபத்திய விஷயம்தான். மகாராஷ்டிரமும் கேரளமும் 2021-ல் இதற்கென்று கொள்கை வகுத்தன. 2025 ஜனவரியில், டிரைவரோடு வாடகைக்கு எடுத்து, புணேயிலிருந்து கோலாப்பூர், அங்கே மகாலக்ஷ்மி தரிசனம், அப்புறம் ஆம்பா காட் இறங்கி கணபதிபுலே என்று ஐந்து நாள். கடலோரமாகப் போகும் ஆரே–வாரே ரோடு அழகு என்றார்கள். வண்டியின் நீளத்தைப் பார்த்து டிரைவர் வேண்டாம் என்று நிவளி வழியாகப் போனார். அவர் சொன்னதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்புதான் அந்தச் செய்தி வந்தது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில், ரோட்டோரம் நின்ற காரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருக்கிறது. வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குபவரை எழுப்பாது. மாட்டுப்பெண் பயணமே வேண்டாம் என்றாள். அவள் பயம் நியாயமானது. என் பிள்ளை வாடகைக்கு விடுபவரிடம் போய் உட்கார்ந்து எழுதி வாங்கினான்: ஜெனரேட்டர் இல்லாத வண்டி, ராத்திரி மின்சாரம் தங்குமிடத்தின் இணைப்பிலிருந்து, வண்டிக்குள் கேஸ் அடுப்பு எரிப்பதில்லை. சமையல் வெளியே, அதுவும் பகலில். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தானே வாங்கி மாட்டினான். அதற்கப்புறம்தான் அவள் பெட்டி கட்டினாள். நீங்கள் யாராவது எடுத்தால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சங்கோஜம் வேண்டாம்.

இன்னொன்று: வண்டி ஓடும்போது பின்னால் கட்டிலில் குழந்தைகளைப் படுக்கவைப்பது, விளையாட விடுவது எல்லாம் விளம்பரப் படத்தில்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பதினாலு வயதுக்குள் இருப்பவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம். இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். ரூபாய் கிடக்கட்டும், ஆம்பா காட் வளைவில் ஒரு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். பேத்தி முதல் நாள் அழுதாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தினோம். இறங்கி ஓடினார்கள், ஏறிக் கட்டிக்கொண்டார்கள்.

சௌகரியம் என்ன என்று கேட்டால், ஒரே ஒரு விஷயம்: குழந்தையின் நேரம் மாறவில்லை. பதினொன்றரைக்குப் பருப்பு சாதம், பன்னிரண்டுக்கு அதே போர்வையில் தூக்கம். ஹோட்டல் அறை பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்வதில்லை. ராத்திரி எனக்கு முழங்கால் வலியோடு பொதுக் கழிப்பறை தேட வேண்டாம். ஆனால் மடி, ஆசாரம் பார்ப்பவர்கள் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்தப் பெட்டியில் கொஞ்சம் திண்டாடத்தான் வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஆறு பேருக்கு ஒரு நாள்கூடச் சரியாக வராது. செலவும் இரண்டு ஹோட்டல் அறையைவிடக் கூடுதல். ரயிலில் போனால் ஐந்து வயது வரை குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஐந்துக்கு மேல் தனி பெர்த் கேட்டால் 2016-லிருந்து முழுக் கட்டணம். எங்களைப் போன்ற ரயில்வே குடும்பத்துக்கு ரயிலே உசத்தி என்றாலும், அந்தச் சமயத்துக்கு அதுதான் சரியாக இருந்தது.

க்ரோமெட் இருப்பதால் காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் பேரனுக்குக் கடல் ஸ்நானம் இல்லை, கரையில் மணல்தான். கணபதிபுலேயில் பிள்ளையார் மேற்கே கடலைப் பார்த்து இருக்கிறார். மலையே அவர் உருவம் என்பதால் பிரதக்ஷிணம் மலையைச் சுற்றித்தான், சுமார் ஒரு கிலோமீட்டர். பேத்தி முழுக்க நடந்தாள். பேரன் பாதி தூரம் நடந்து, மீதி அப்பா தோளில்.

அன்று சாயங்காலம் மணலில் அவன் உட்கார்ந்திருந்தபோது அலை சற்று மேலே ஏறி வந்தது. கையை நீட்டி, தெளிவாக, "நக்கோ!" என்றான். முதல் முழு வார்த்தை, மராத்தியில்! சம்பந்தி மாமிக்கு உடனே ஃபோன் போட்டோம். "அம்மான்னு சொல்லப்படாதோ?" என்று ஒரு நிமிஷம் மனசு சுணங்கினார். அலை மறுபடி வந்தது. "பாட்டி, நக்கோ" என்றான். இரண்டு வார்த்தை, இரண்டு பாஷை, சேர்த்துச் சொல்லிவிட்டான். ஃபோனில் சேலத்திலிருந்து சத்தமே இல்லை. மாமி அழுதுகொண்டிருந்தார் என்று மாமாதான் அப்புறம் சொன்னார்.

பயிற்சி இன்னும் ஒரு வருஷம் போல நடந்தது. குழாய் இரண்டும் உதிர்ந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காது பார்க்கிறோம். ர, ழ இரண்டும் இன்னும் தகராறுதான். அது இந்த வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் உள்ள தகராறு. என்னோடு தமிழ், மாவ்ஷியோடு மராத்தி, அக்காவோடு சண்டை மூன்று பாஷையிலும். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குச் சேலத்துக்கு ஃபோன். நாலு வயதில் வாயைத் திறந்த தாத்தாவும் மூன்று வயதுப் பேரனும் ஒருவரை ஒருவர் பேச விடாமல் பேசுகிறார்கள்.

காது சோதனை எங்கே செய்கிறார்கள், காரவனுக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று இரண்டு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். காபி நேரத்தில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.